பூனைக்கால் முதியன்சேயின் பிரேக் லைட்

ஜினதாச செத்துப் பதினோராம் நாள்தான் மோட்டார் பரிசோதகர் வந்தார். அதுவரை முதியன்சேயின் கார் பொலிஸ் முற்றத்தில், களவாக வெட்டிப் பிடிபட்ட மரக்கட்டைகளுக்கும் நசுங்கிப்போன ஒரு முச்சக்கர வண்டிக்கும் நடுவில் நின்றது. பழைய மொரிஸ் மைனர். முதியன்சேக்கு அறுபத்தாறு என்றால் அதற்கு நாற்பத்தைந்து. பின்பக்கம் டிக்கி மூடி ஒரு சட்டி அளவுக்கு உள்ளே குழிந்திருந்தது. குழியின் ஓரத்தில் ஒட்டிக் காய்ந்த மீன் செதிலை யாரும் துடைக்கவில்லை. பின்விளக்கு இரண்டும் கீறல் இல்லாமல் தப்பியிருந்தன.

பரிசோதகர் கனத்த ஆள். உள்ளே ஏறியதும் கார் ஒரு பக்கம் சாய்ந்தது. சாவியைத் திருகினார். சப்பாத்துக் காலைத் தூக்கி, பாம்பை மிதிப்பதுபோல் பிரேக்கை ஓங்கி மிதித்தார். பின்னால் நின்ற சார்ஜன், எரியுது சேர் என்றான். இன்னும் இரண்டு தடவை மிதித்தார். இரண்டு தடவையும் எரிந்தது. பரிசோதகர் இறங்கி, காரின் முன்மூடி மேலேயே தாளை வைத்து எழுதினார். பிரேக் லைட் சரியாக வேலை செய்கிறது. மூடுபனியில் அளவுக்கு மீறிய வேகத்தில் வந்து, நின்ற வாகனத்தின் பின்னால் மோதியவர் மோட்டார் சைக்கிள்காரர். பிழை செத்தவருடையது.

முதியன்சே அதைத் தன் கண்ணால் பார்த்தார். சிவப்பு வந்தது. யாரையும் நம்பாத மனிதர், இந்த ஒன்றை நம்பிக்கொள்ளலாம் என்று நினைத்தார். பதினொரு நாளாகச் சோறு இறங்காமல் அவர் கேட்டுக்கொண்டிருந்தது ஒரே கேள்வி. அன்றைக்கு என் விளக்கு எரிந்ததா, இல்லையா? எரிந்திருந்தால் ஜினதாச தன் விதியால் செத்தான். எரியாவிட்டால் கொன்றது நான். காரை ஓட்டுகிறவனுக்கு இது தெரிய வழியே இல்லை. அவன் பின்விளக்கை அவனால் பார்க்க முடியாது. பின்னால் வருகிறவன் சொன்னால்தான் உண்டு.

பின்னால் வந்தவன் சொல்லத்தான் செய்தான்.

ஜினதாச கரையோரத்துப் பையன். மலைக்கு வந்து, வாகன வயரிங் வேலை செய்யும் சுமனபால பாஸின் தங்கை சீலவதியைக் கட்டி, இங்கேயே தங்கிவிட்டான். மோட்டார் சைக்கிளின் பின்னால் மரப்பெட்டி, அதில் ஐஸ், ஐஸுக்குள் மீன். மத்தியானத்துக்கு மேல், பெரகலையிலிருந்து இறங்கும் பாதையில் வீடு வீடாக விற்றுக்கொண்டு போவான். முதியன்சேயும் அநேகமாக அந்த நேரத்தில்தான் டவுனுக்குப் போன வாடகை ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்குவார். அங்கே மூன்று மணிக்கெல்லாம் பனி வந்து பாதையை மூடிவிடும். முன்னால் போகும் வண்டியின் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டுதான் பின்னால் வருகிறவன் இறங்கவேண்டும், அது பளிச்சென்று சிவந்தால் தானும் பிரேக் பிடிக்கவேண்டும்.

இரண்டு மாதத்துக்கு முன் அப்புஹாமியின் தேத்தண்ணிக் கடையில் வைத்து அவன் சொன்னான்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. நீங்க பிரேக் புடிச்சா பின்னால வெளிச்சம் வர்றதில்ல. ரெண்டு நாளாப் பாக்கிறேன்."

முதியன்சே தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. இவன் மச்சான் வயரிங் பாஸ். மச்சானுக்கு வேலை பிடித்துக் கொடுக்கிறான். அவர் மனம் முதலில் அங்கேதான் போனது. யார் என்ன சொன்னாலும், அதில் சொல்கிறவனுக்கு என்ன லாபம் என்று பார்த்துத்தான் அவருக்குப் பழக்கம்.

வீட்டுக்குப் போய் மனைவி டிங்கிரி மெனிகேயைப் பின்னால் நிறுத்தி மிதித்தார். வருதா என்று கத்தினார். அவள் வருது என்றாள். மறுநாள் கடையில் ஆள் நிறைந்திருந்த நேரமாகப் பார்த்துப் போனார்.

"ஏய் மீன்காரா, ஒன் கண்ணுல செதில் விழுந்திருச்சா? போய்க் கழுவு. நாப்பது வருசம் இந்த மலைய எறங்குறவன் நான். என் கார்ல செவப்பு தெரியலன்னா நான் பிரேக்கத் தொடலன்னு அர்த்தம். வேலை வேணும்னா ஒன் மச்சான நேரா வந்து கேக்கச் சொல்லு, பிச்சைக்காரனுக்குக்கூட நான் இல்லன்னு சொன்னதில்ல."

கடை முழுக்கச் சிரித்தது. ஜினதாசவும் சிரித்தான். முகம் மட்டும் கறுத்துப்போயிருந்தது. அதற்குப் பிறகு அவன் விளக்கைப் பற்றிப் பேசவே இல்லை.

அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை. கதிர்காமத்துக்கு நேர்த்தி வைக்கப் போகும் ஒரு குடும்பம் காரில் இருந்தது. கல்கந்துரை வளைவில் சின்னத் தேவாலயம், பாதையோரச் சாமி கோயில், ஒன்று உண்டு. இறங்குகிற வாகனம் எல்லாம் அங்கே நின்று உண்டியலில் காசு போட்டுவிட்டுத்தான் போகும். பஸ்காரன்கூட நிற்பான். முதியன்சே மட்டும் நாற்பது வருடமாக நின்றதில்லை. அந்தக் காசு எந்தச் சாமியின் வயிற்றுக்கும் போகவில்லை, உண்டியல் சாவி வைத்திருப்பவன் கட்டிய மாடிவீட்டுக்குத்தான் போகிறது என்பார். அவர் நிற்கமாட்டார் என்பது அந்தப் பாதையில் எல்லோருக்கும் தெரியும். ஜினதாசவுக்கும் தெரியும். அன்றைக்கு ஏறியிருந்த பெண், நேர்த்திப் பயணம், நிறுத்துங்கள் என்று கெஞ்சினாள். நிறுத்தினார். எப்போதும்போல் பூனை நடக்கிற மாதிரி, தண்ணீர்க் குவளை தளும்பாமல் நிறுத்தினார். அவருக்குப் பூனைக்கால் என்று பேர் வந்ததே அதனால்தான். பிரேக்கை மிதிக்கமாட்டார், தடவுவார். இரண்டாம் கியரில் இழுத்து இறக்கி, காலைச் சும்மா மேலே வைத்தால் போதும், கார் நின்றுவிடும். மலையில் ஓங்கி மிதிக்கிறவன் ஓட்டத் தெரியாதவன் என்பது அவர் கட்சி.

நின்று, அந்தப் பெண் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தபோது பின்னால் அந்தச் சத்தம். இறங்கிப் போனபோது பனிக்குள் முதலில் தெரிந்தது மீன்தான். பாதை முழுக்க மீனும் ஐஸும். அதற்கப்பால் அவன் கிடந்தான்.

பொலிஸ் கொடுத்த தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு முதியன்சே காரை எடுத்தார். சார்ஜன் அவர் முதுகில் தட்டி, இனி நிம்மதியாகப் போங்க மாமா என்றான். வெளியே பனி இறங்கத் தொடங்கியிருந்தது. விளக்குகளைப் போட்டுக்கொண்டு இறங்கினார். நாலாவது வளைவில் எதிரே பஸ் ஏறி வந்தது. ஒதுங்கி வழிவிட நிறுத்தினார். பின்னால் ஒரு லொறி கிறீச்சிட்டுக்கொண்டு வந்து, பம்பரில் ஒரு முழம் இருக்க நின்றது. லொறிக்காரன் தலையை வெளியே நீட்டினான்.

"யோவ் பெரிசு, நிக்கிறதா இருந்தா பிரேக் லைட்டப் போட்டு நில்லுய்யா. சாக வேற எடம் கெடைக்கலியா?"

வழக்கமாக என்றால் முதியன்சே இறங்கிப்போய் அவன் தாயிலிருந்து ஏசத் தொடங்கியிருப்பார். இன்று கையால் சைகை காட்டி லொறியை முன்னால் போகவிட்டு, அதன் பின்னால் ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தார்.

வந்ததும் வராததுமாக டிங்கிரி மெனிகேயைக் கூப்பிட்டார். அவள் அடுப்படியிலிருந்து, துருவிக் கையில் ஒட்டிய தேங்காய்ப்பூவோடு வந்தாள். காருக்குப் பின்னால் நிற்கச் சொன்னார். அவள் வெள்ளைச் சட்டை போட்டிருந்தாள். முதியன்சே கண்ணாடியில் அந்தச் சட்டையை மட்டும் பார்த்தார். பரிசோதகரைப்போல் ஓங்கி மிதித்தார். வெள்ளைச் சட்டை சிவந்தது. காலை எடுத்தார். சட்டை மறுபடி வெளுத்தது. இப்போது மலையில் மிதிப்பதுபோல் மெல்லக் காலை வைத்தார். பெடல் இறங்கியது. கார் நகர்ந்திருந்தால் அந்த மிதிக்கு நின்றிருக்கும்.

"வருதா?"

"வருது."

சட்டை வெள்ளையாகவே இருந்தது.

அவர் காலை எடுக்காமல் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இறங்கி அவள் பக்கத்தில் போய் நின்றார். குரலை உயர்த்தாமல், அன்றைக்கு நான் பார்க்கச் சொன்னபோதும் இப்படித்தானா என்று கேட்டார். அவள் கையில் இருந்த தேங்காய்ப்பூவைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்.

"மொதல்ல நீங்க லேசா வச்சப்ப வரல. ரெண்டாவது, வருதான்னு கத்திக்கிட்டே மிதிச்சீங்க, வந்துச்சு. வந்துச்சுன்னு சொன்னேன்."

"மொதல்ல வரலன்னு ஏன் சொல்லல?"

"சொன்னா? ஒனக்குக் கண்ணு தெரியாது, போடின்னு சொல்லியிருப்பீங்க. முப்பத்தெட்டு வருசமா எனக்குக் கண்ணு தெரியலன்னுதானே சொல்லிக்கிட்டு இருக்கீங்க."

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் அவர் சுமனபாலவின் வீட்டுக்கு நடந்து போனார். சாவுக்காகப் பாதைக்குக் குறுக்கே கட்டிய வெள்ளைக்கொடிகள் பனியில் நனைந்து கயிற்றோடு தொய்ந்து கிடந்தன. தங்கை வீடும் அண்ணன் வீடும் ஒரே வளவுக்குள்தான். சீலவதியின் கதவு சாத்தியிருந்தது. முதியன்சே விஷயத்தைச் சொன்னார். மன்னிப்புக் கேட்கவில்லை, அது அவருக்குப் பழக்கமும் இல்லை. வந்து பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். சுமனபால வெற்றிலையைத் துப்பிவிட்டு, பிச்சைக்காரனுக்கு வேலை கொடுக்க வந்தீங்களாக்கும் என்றான். அந்தப் பேச்சு அவன் காதுக்கும் போயிருக்கிறது. ஆனாலும் சாமான் பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தான். அவனுக்கும் தெரிய வேண்டியிருந்தது.

முதலில் வைப்பரைப் போட்டுப் பார்த்தான். கண்ணாடியில் கிர் கிர் என்று ஓடியது. வைப்பருக்கும் பிரேக் லைட்டுக்கும் ஒரே பியூஸ், அதனால் பியூஸ் நல்லது என்றான். பின்விளக்கைக் கழற்றி பல்பைப் பார்த்தான், பல்புக்குள் பின்விளக்குக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று என்று இரண்டு இழையும் அறாமல் இருந்தன. பிடி துருப்பிடித்திருந்தது, ஆனால் வேலை செய்தது. ஓங்கி மிதித்தால் எரிகிறது என்றால் பல்பிலும் இல்லை, வயரிலும் இல்லை என்று தனக்குத்தானே பேசிக்கொண்டு, சாக்கை விரித்துக் காருக்கடியில் மல்லாந்து நுழைந்தான். ஓட்டுகிறவன் காலுக்கு நேர் கீழே, பிரேக் எண்ணெய் ஓடும் குழாயில் திருகியிருந்தது அந்த ஸ்விச். பெருவிரல் பருமன். மேலே இரண்டு வயர்.

கீழேயிருந்து குரல் மட்டும் வந்தது. "காலை எடுங்க. பெடலத் தொடாதீங்க."

இரண்டு வயரையும் பிடுங்கி ஒன்றோடொன்று தொடவைத்தான். வாசலில் நின்ற டிங்கிரி மெனிகே எரியுது என்றாள். இந்தத் தடவை யாரும் அவளிடம் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

வயரைத் திரும்ப மாட்டிவிட்டு, "இப்ப மிதிங்க. கல்கந்துரைல எப்படி மிதிச்சீங்களோ, அப்படி," என்றான்.

முதியன்சே காலை வைத்தார்.

"எரியல," என்றாள் டிங்கிரி மெனிகே.

"இன்னும் கொஞ்சம்."

"எரியல."

"இன்னும்."

"எரியல."

"ஓங்கி மிதிங்க."

"எரியுது."

சுமனபால வெளியே வந்து எழுந்து நின்று கையைத் துடைத்தான். நிறைய நேரம் துடைத்தான். குழாயில் அழுத்தம் ஏறினால்தான் இது வேலை செய்யும், உள்ளே பசை பிடித்துப் பாதி செத்துவிட்டது, பாதி அழுத்தத்துக்கு அசையாது என்றான். பிறகு குரலை மாற்றாமல் சொன்னான்.

"வேற எவன் ஓட்டியிருந்தாலும் எரிஞ்சிருக்கும். அவன் அவன் மிதிக்கிற மிதிக்கு எரியும். உங்க காலுக்குத்தான் எரியல."

முதியன்சே தன் காலைப் பார்த்தார். ரப்பர் செருப்பு, வெடித்த குதிகால். நாற்பது வருடமாக ஊர் புகழ்ந்த கால்.

சுமனபால பையிலிருந்து பத்திரிகையில் சுற்றிய புது ஸ்விச்சை எடுத்து முன்மூடியில் வைத்தான். மாற்ற அரைமணி நேரம்தான் என்றான். மாற்றிவிட்டால் எந்த மிதிக்கும் எரியும். ஆனால் மாற்றிவிட்டால் யாரும் எதையும் காட்ட முடியாது. வருகிற செவ்வாய்க்கிழமை கோர்ட்டுக்குத் தாள் போகிறது. பிழை ஜினதாசவுடையது என்று போனால் சீலவதிக்கு இன்சூரன்ஸிலிருந்து ஒன்றும் வராது, பிள்ளைகள் இரண்டும் குருட்டு வேகத்தில் செத்தவன் பிள்ளைகள் என்று வளரும். மாத்தவா வேணாமா, நீங்களே சொல்லுங்க என்றான்.

"மாத்தாத," என்றார் முதியன்சே. "பொலிசுக்குக் கொண்டுபோய்க் காட்டுறேன்."

"தங்கச்சிகிட்ட?"

"நீ சொல்லிரு."

"நான் சொல்ல மாட்டேன். எரிய வைக்காதவன் நானா?"

அவன் புது ஸ்விச்சைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

பொலிஸ் முற்றத்தில் அதே இடம் காலியாக இருந்தது. முதியன்சே காரைப் பின்னுக்கு எடுத்து, வெள்ளையடித்த மதிலுக்குப் பக்கமாக, மதில் கண்ணாடியில் தெரிகிற மாதிரி நிறுத்தினார். சார்ஜன் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான். அவர் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவன் கை பொட்டலத்திலேயே நின்றது. ஒரு தடவை பின்னால் வந்து நின்று பாருங்கள், அது போதும் என்றார். அவன் வந்தான். முதியன்சே காலை மெல்ல வைத்தார்.

"எரியுதா சேர்?"

"எரியுது மாமா. நல்லா எரியுது."

கண்ணாடியில் மதில் சுண்ணாம்பு வெள்ளையாகவே இருந்தது. ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை.

முதியன்சே திரும்பிப் பார்க்கவில்லை. "பொய் சொல்றீங்க," என்றார்.

சார்ஜன் சன்னலருகே வந்து குனிந்தான். கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. தாளெல்லாம் மேலே போய்விட்டது, பரிசோதகர் கையெழுத்துப் போட்டாயிற்று என்றான்.

"அந்த மனுசன் முப்பது வருசம் சர்வீஸ். போய் அவர்கிட்ட, ஒங்களுக்குப் பிரேக் மிதிக்கத் தெரியலன்னு நான் சொல்லணுமா? செத்தவன் செத்துட்டான். நீங்க இந்த வயசுல உள்ளே போய் உக்காரணுமா? எரியுதுன்னு நான் சொல்றேன்ல, எரியுது. போங்க."

போய்ச் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தான்.

முதியன்சே காரை எடுத்தார். உள்ளதைச் சொன்னவனைக் கடை நடுவில் பொய்யன் ஆக்கினார். இன்றைக்குப் பொய் சொல்கிறவன் அவரை நல்லவனாக்கி அனுப்புகிறான்.

திரும்பும் வழியில் வெள்ளைக்கொடி கட்டிய இடத்தில் நிறுத்தினார். சீலவதி வாசலில் பிள்ளையின் பள்ளிச் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தாள். அவர் படியேறவில்லை, கீழேயே நின்றார். லைட் எரியவில்லை, உன் புருசன் சொன்னது சரி, பிழை என்னுடையது என்றார். அவர் வாழ்க்கையில் இவ்வளவு சுருக்கமாக எதையும் சொன்னதில்லை.

அவள் பிழிவதை நிறுத்தவில்லை.

"கடைல நீங்க பேசின அன்னைக்கு வீட்டுக்கு வந்து சோறு திங்கல. ராத்திரி சொன்னாரு, நான்தான் பனில சரியாப் பாக்கல போல, பெரியவரு நாப்பது வருசம் ஓட்டுறவரு, அவரு கார்ல செவப்பு தெரியலன்னா பிரேக்கத் தொடலன்னுதான் அர்த்தமாம்னு. அதுக்கப்புறம் அதத்தான் நம்பிக்கிட்டு ஓட்டினாரு."

சட்டையைக் கயிற்றில் போட்டாள். உதறி விரித்தாள்.

"பொலிஸ்ல எழுதிக்கிட்டாங்களா?"

"இல்ல. எரியுதுங்கிறாங்க."

அவள் தலையாட்டினாள். எதிர்பார்த்தது அதைத்தான் என்பதுபோல் இருந்தது. உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள், ஓங்கிச் சாத்தவில்லை.

கல்கந்துரையில் பனி வந்துவிட்டது. பாதையில் இன்னும் அங்கங்கே செதில் கிடந்திருக்கலாம், தெரியவில்லை. முதியன்சே முதல் வளைவில் காலைத் தூக்கி ஓங்கி மிதித்தார். கார் குதித்து, முன்னால் குனிந்து, அவர் நெற்றி ஸ்டீயரிங்கில் இடித்தது. அடுத்த வளைவிலும் ஓங்கி மிதித்தார். அதற்கடுத்ததிலும். ஓட்டத் தெரியாதவனைப்போல் உலுக்கி உலுக்கி மலையை இறங்கினார். எரிகிறதா என்று சொல்லப் பின்னால் யாரும் வரவில்லை.